செவி நரம்பின் உள்ளே ஒரு சட்டகம்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் கருவில் உட்செவி உருவாகும் விதத்தைப் பற்றி எழுதியபோது, "செவி நரம்பு செல்களுக்கு உள்ளேயும் ஒரு சட்டகம் இருக்கிறது, அது எலும்பால் அல்ல, புரதத்தால் ஆனது" என்று ஒரே ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த செய்திக்குத் தாவிவிட்டேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் கேட்கின்றன. ஆகவே இம்முறை பகுதி முழுவதும் அதற்கே.

கேள்வி: நரம்பு என்பது மின்கம்பி மாதிரி என்றுதான் பள்ளியில் படித்தோம். கம்பிக்குள் சட்டகம் எதற்கு? அது எதனால் ஆனது?
— வாசகர் ஒருவர், தென்காசி

கம்பி என்ற உவமை ஓரளவுக்குத்தான் பொருந்தும். செம்புக்கம்பி தானாக வளர்வதில்லை, உடைந்ததைப் பழுதுபார்த்துக்கொள்வதில்லை, உள்ளே சரக்கு ஏற்றிச் செல்வதும் இல்லை. நரம்பிழையோ உயிருள்ள ஒரு செல்லின் நீண்ட கை. அது இம்மூன்றையும் செய்தாக வேண்டும்.

உட்செவியில், நத்தைக்கூடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியாவின் நடுத்தண்டுக்குள் சுருள் நரம்பு முடிச்சு என்ற ஒரு பகுதி உண்டு. காக்ளியாவின் கேட்கும் உறுப்பை 1851ஆம் ஆண்டில் விரிவாக விவரித்த இத்தாலியர் அல்ஃபோன்சோ கோர்ட்டியின் பெயரால் அந்த உறுப்பை இன்றும் கோர்ட்டி உறுப்பு என்கிறோம். அதிலிருந்து புறப்படும் செய்தி முதலில் வந்து சேரும் இடம் இந்த முடிச்சுதான். மனிதனின் ஒரு காதில் இங்கே ஏறத்தாழ 30,000 முதல் 35,000 நியூரான்கள், அதாவது நரம்பு செல்கள், இருக்கின்றன. ஒவ்வொரு நியூரானுக்கும் இரண்டு கைகள்: ஒன்று ஒலியை உணரும் மயிர்செல்லை நோக்கியும் மற்றொன்று மூளைத்தண்டை நோக்கியும் நீளும். மூளைப்பக்கம் போகும் கைகள் எல்லாம் சேர்ந்த கற்றைதான் செவி நரம்பு. அதன் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். செல்லின் உடலோ ஒரு மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்குகூட இருக்காது. இவ்வளவு சிறிய உடலிலிருந்து இவ்வளவு நீண்ட கை தளர்ந்து மடங்காமல் நிற்க வேண்டுமானால் உள்ளே தாங்கல் தேவை.

அந்தத் தாங்கல் மூன்று வகை இழைகளால் ஆனது. மிக மெல்லியது ஆக்டின் இழை, 7 நானோமீட்டர். மிகத் தடித்தது டியூபுலின் என்ற புரதத்தால் ஆன நுண்குழல், 25 நானோமீட்டர். இரண்டுக்கும் நடுவே 10 நானோமீட்டர் பருமனில் இருப்பதால் மூன்றாவது வகைக்கு இடைநிலை இழை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நுண்குழல்கள் தண்டவாளம் போன்றவை. செல்லின் உடலில் தயாராகும் சரக்கு அவற்றின் மீதுதான் நுனிவரை போகிறது. தண்டவாளத்தைக் குலையாமல் பிணைத்து வைக்கும் புரதங்களில் ஒன்று டாவ். முதியோரின் நினைவுமறதி நோய் பற்றிய செய்திகளில் அடிபடும் அதே டாவ்தான். இங்கே அது குற்றவாளியல்ல, ஒழுங்காக வேலை பார்க்கும் ஊழியன்.

தென்னைநார்க் கயிறு திரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இடைநிலை இழையைப் புரியவைப்பது எளிது. இரண்டு புரதங்கள் ஒன்றையொன்று சுற்றி ஒரு புரியாகின்றன. அத்தகைய இரண்டு புரிகள் தலைமாறி அருகருகே ஒட்டுகின்றன. அவற்றில் எட்டு சேர்ந்து ஒரு கயிறாகிறது. கயிற்றின் குறுக்குவெட்டில் ஏறத்தாழ 32 புரத மூலக்கூறுகள் இருக்கும். கயிற்றைப் போலவே இது இழுவையைத் தாங்கும், எளிதில் அறாது.

நரம்பு செல்லுக்கே உரிய இடைநிலை இழை நியூரோஃபிலமென்ட். இதில் இலகு, நடு, கனம் என மூன்று உறுப்பினர்கள். ஆய்வகத்தில் அளக்கும்போது ஏறத்தாழ 68, 160, 200 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) எடையில் நிற்பவை. இலகு இல்லாமல் கயிறே உருவாகாது. நடுவுக்கும் கனத்துக்கும் கயிற்றுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நீண்ட வால்கள் உண்டு. அந்த வால்களில் பாஸ்பேட் ஏறும்போது எதிர்மின்னேற்றம் கூடி, பக்கத்துக் கயிறுகள் ஒன்றையொன்று நெருங்கவிடாமல் தள்ளி நிற்கும் என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் விளக்கம். எப்படியானாலும், நியூரோஃபிலமென்ட் மிகுந்த நரம்பிழை பருக்கிறது. பருத்த இழையில் செய்தி வேகமாக ஓடுகிறது.

இதற்கு இயற்கையே தந்த சான்று ஒன்று உண்டு. ஜப்பானியக் காடை இனத்தில் சில குஞ்சுகள் எப்போதும் நடுங்கிக்கொண்டே இருந்தன. ஆராய்ந்தபோது, இலகு நியூரோஃபிலமென்டுக்கான மரபணுவில் ஒரு தவறான நிறுத்தக்குறி விழுந்திருந்தது தெரிந்தது. இழைகள் உருவாகவே இல்லை. நரம்புகள் எல்லாம் மெலிந்து கிடந்தன. செய்தியும் மெதுவாகவே போயிற்று. ஆனால் குஞ்சுகள் பிறந்தன, வளர்ந்தன. சட்டகத்தின் ஒரு பகுதி இல்லாமலும் நரம்பு உயிர்வாழும். தன் பருமனையும் வேகத்தையும்தான் இழக்கும்.

கேள்வி: இந்தப் புரதங்கள் எல்லாம் கருவில் ஒரே சமயத்தில் தோன்றுமா? எந்த வாரத்தில் எது என்று சொல்ல முடியுமா?
— செவிலியர் ஒருவர், திருச்சிராப்பள்ளி

வாரக் கணக்கைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. மருத்துவமனை அட்டையில் எழுதும் வாரம் கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணப்படுவது. கருவியல் நூல்களில் வரும் வாரம் பெரும்பாலும் கருத்தரித்த நாளிலிருந்து எண்ணப்படுவது. இரண்டுக்கும் இரண்டு வார வேறுபாடு உண்டு. ஒரு நூலில் 8 என்றும் மற்றொன்றில் 10 என்றும் இருந்தால் உடனே ஒன்று தவறு என்று முடிவுகட்ட வேண்டாம். உங்கள் தொழிலில் இது தெரிந்த செய்திதான். மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன்.

கருத்தரித்த நான்காம் வாரத்தில், பின்மூளைக்கு இருபுறமும் தோலின் மேல்தளம் தடித்து உள்வாங்கி, செவிப்பை என்ற சிறு குமிழாகிறது. செவி நரம்பின் நியூரான்கள் மூளையிலிருந்து வந்தவை என்றுதான் பலரும் எண்ணுவார்கள். அப்படி இல்லை. இந்தச் செவிப்பையின் சுவரிலிருந்தே சில செல்கள் கழன்று வெளியேறி, பக்கத்தில் கூடி முடிச்சாகின்றன. மயிர்செல்லும் அதன் செய்தியை ஏந்தும் நியூரானும் ஒரே பையில் பிறந்த உடன்பிறப்புகள். எட்டாம் வாரம் முடியும்போது காக்ளியாவின் குழல் இரண்டரைச் சுற்று சுருண்டிருக்கும்.

சட்டகப் புரதங்கள் படிப்படியாக மாறுகின்றன. இன்னும் நியூரான் ஆகாத தாய்ச்செல்களில் இருப்பது நெஸ்டின், விமென்டின் போன்ற இடைநிலை இழைகள். விமென்டின் நரம்புக்கே உரியதல்ல. இணைப்புத் திசுவிலும் நிறைய இருக்கும், பிரிந்து பெருகும் செல்லுக்கு ஏற்ற நெகிழ்வான சட்டகம். செல் பிரிவதை நிறுத்தி, "இனி நான் நியூரான்" என்று தீர்மானித்ததும் மூன்றாம் வகை பீட்டா டியூபுலின் தலைகாட்டுகிறது. அதனால்தான் ஆய்வாளர்கள் இளம் நியூரானை அடையாளம் காண அதைத் தேடுகிறார்கள். பிறகு பெரிஃபெரின் என்ற மற்றோர் இடைநிலை இழைப் புரதமும், இலகு, நடு நியூரோஃபிலமென்டுகளும் வருகின்றன. கனமானது கடைசியில்தான் பெருகும். வால்களில் பாஸ்பேட் முழுமையாக ஏறுவது அதற்கும் பிந்தி. நுனி தேடி வளர்ந்துகொண்டிருக்கும் இழைக்கு விறைப்பான சட்டகம் சுமையாகிவிடும். இலக்கை அடைந்து நிலைகொண்ட பிறகுதான் அதைப் பருக்க வைப்பதில் பொருள் உண்டு. பந்தல் போடுபவர் காலை நட்டுச் சரிபார்த்த பிறகுதானே கட்டை இறுக்குவார்?

டாவிலும் இதே கதைதான். வளர்ந்தவரின் மூளையில் டாவ் ஆறு வடிவங்களில் இருக்கும். கருவிலோ மிகக் குட்டையான ஒரே வடிவம்தான். அது நுண்குழலைத் தளர்வாகவே பிடிக்கும். வளரும் நரம்புக்குத் தேவைப்படுவதும் அதுதான்.

மனித காக்ளியாவைப் பற்றி நேரடியான வாரக் கணக்கு, நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலிருந்து 2013இல் வெளிவந்த ஆய்வில் கிடைக்கிறது. அதன்படி 10ஆம் வாரத்தில் மயிர்செல்கள் இன்னும் இல்லை. அவை தோன்றவிருக்கும் பகுதி மட்டும் குறிக்கப்பட்டிருக்கிறது. 12ஆம் வாரத்திலிருந்து மயிர்செல்கள் உருப்பெறுகின்றன. அதற்கு முன்பே நரம்பிழைகள் காக்ளியாவின் குழலுக்குள் நுழைந்துவிடுகின்றன என்பதுதான் எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த செய்தி. மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு முன்பே வாசலில் வந்து நிற்பதைப் போல, மயிர்செல் பிறக்கும் இடத்தில் நரம்பு காத்திருக்கிறது. செல் தோன்றியதும் நேராக அதைத் தொடுகிறது. தொடக்கத்தில் சுருள் முடிச்சின் எல்லா நியூரான்களிலும் இருந்த பெரிஃபெரின் சிறிது சிறிதாகக் குறைந்து, 18ஆம் வாரத்துக்குள் ஒரு சிறுபான்மை நியூரான்களில் மட்டும் ஒடுங்குகிறது. 20ஆம் வாரத்தில் காக்ளியாவின் செல்களும் நியூரான்களும் காட்டும் புரதங்கள் வளர்ந்த பாலூட்டியின் காக்ளியாவை ஒத்திருக்கின்றன. நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை படியத் தொடங்குவது அதற்கும் பிறகுதான். மூளைத்தண்டுக்குள் உள்ள பாதையில் அது 26ஆம் வாரத்தை ஒட்டிப் புலப்படுகிறது. உள்ளே கயிறு, பிறகு வெளியே உறை என்பதே வரிசை.

கேள்வி: பெரிஃபெரின் என்பது ஏன் சில செல்களில் மட்டும் மிஞ்சுகிறது? அந்தச் செல்களுக்கு என்ன வேலை?
— முதுகலை மாணவி ஒருவர், கோயம்புத்தூர்

இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் சற்று நீளமானது.

காக்ளியாவில் இரண்டு வகை மயிர்செல்கள் உள்ளன. உள்வரிசையில் ஏறத்தாழ 3,500. வெளிவரிசைகளில் ஏறத்தாழ 12,000. வெளியே இருப்பவைதானே மும்மடங்குக்கும் மேல், ஆகவே நரம்பும் அவற்றுக்குத்தான் மிகுதி என்று தோன்றும். 1960களின் இறுதியிலும் 70களிலும் சுவிட்சர்லாந்தின் ஹைன்ரிஷ் ஸ்பெண்ட்லின் பூனையின் காதில் பொறுமையாக எண்ணிப் பார்த்து இதைத் தலைகீழாக்கினார். நரம்புகளில் 90 முதல் 95 விழுக்காடு வரை உள்வரிசைக்கே போகின்றன. இவை முதல் வகை. மீதமுள்ள மிகச் சிறிய பகுதிதான் வெளிவரிசைக்கு. இவை இரண்டாம் வகை. முதல் வகையில் ஒவ்வோர் இழையும் ஒரே ஒரு மயிர்செல்லைத் தொடுகிறது. அது தடித்தது, மயலின் போர்த்தியது. இரண்டாம் வகை மெலிந்தது, உறையற்றது, கோர்ட்டி உறுப்பின் சுரங்கத்தைக் கடந்து சென்று திரும்பி, பல புறமயிர்செல்களைத் தொட்டுக்கொண்டே ஓடுவது.

பெரிஃபெரின் மிஞ்சுவது இந்த இரண்டாம் வகையில்தான். இதன் எடை 57 கிலோடால்டன். குடும்ப முறைப்படி இது நியூரோஃபிலமென்டின் நெருங்கிய உறவு அல்ல, விமென்டினின் பங்காளி. மூளைக்கு வெளியே உள்ள நரம்பு மண்டலத்தில் மிகுந்திருப்பதால் இந்தப் பெயர். மெலிந்த, உறையற்ற இழையைக் கட்டிக்காக்க இதுவே போதும் என்று நினைக்க இடமிருக்கிறது. கையிலும் காலிலும் வலியைச் சுமக்கும் மெல்லிய நரம்புகளிலும் இதே புரதம் மிகுந்திருப்பதை இத்துடன் வைத்துப் பார்க்கலாம்.

ஆனால் "பெரிஃபெரின் இருந்தால் இரண்டாம் வகை" என்ற அடையாளத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "பெரிஃபெரினை எடுத்துவிட்டால் இரண்டாம் வகையின் வேலை தெரிந்துவிடும்" என்று தாவும்போதுதான் சிக்கல் வருகிறது. 2015இல் சிட்னியின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகக் குழு அப்படித்தான் செய்தது. பெரிஃபெரின் மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளில், ஒரு காதில் ஒலி விழுந்தால் மூளை மற்றக் காதின் ஒலிபெருக்கத்தைக் குறைக்கும் அனிச்சைச் செயல் நடக்கவில்லை. ஆகவே அந்த அனிச்சையைத் தூண்டுபவை இரண்டாம் வகை நரம்புகளே என்று அக்குழு முடிவுரைத்தது. மறு ஆண்டே பாஸ்டன் நகரக் குழு ஒன்று அதே வகை எலிகளின் காக்ளியாவை மீண்டும் ஆராய்ந்து, அந்த முடிவு தவறு, இரண்டாம் வகை நரம்புகள் அந்த அனிச்சையைத் தூண்டவில்லை என்று மறுத்தது.

இந்த வழக்கில் நான் மறுப்பவர்கள் பக்கம்தான் சாய்கிறேன். காரணம் எளிது. பெரிஃபெரின் சுருள் முடிச்சின் தனிச்சொத்து அல்ல. மூளைத்தண்டிலிருந்து வெளியே கட்டளை சுமக்கும் நியூரான்களிலும் அது இருக்கிறது. உடல் முழுவதும் அந்த மரபணுவை நீக்கிவிட்டு, ஒரே ஒரு நரம்பு வகையின் மீது மட்டும் பழியைப் போட முடியாது. கோயில் யானையின் நெற்றியில் நாமம் இருப்பதால் யானையை அடையாளம் காணலாம். நாமத்தை அழித்தால் யானை நடக்காது என்று சொல்ல முடியாது. இரண்டாம் வகை நரம்புகள் மெல்லிய ஒலிக்கு அசைந்து கொடுப்பதில்லை. புறமயிர்செல் சிதையும்போது அவை கிளர்ச்சியடைகின்றன என்பதற்கு எலிகளில் சான்றுகள் உள்ளன. காதுக்குள் ஒரு வகை வலி நரம்போ என்ற ஐயம் அதனால் எழுந்திருக்கிறது. எனக்கு அது வசீகரமான ஐயமாகத் தோன்றுகிறது, தீர்ப்பாக அல்ல.

இன்னொன்றையும் உங்கள் ஆய்வுக் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எலியின் முதல் வகை நியூரானில் செல்லின் உடலையும் மயலின் போர்த்தியிருக்கும். மனிதனிலோ பெரும்பாலான செல் உடல்களுக்கு அந்தப் போர்வை இல்லை. எலியில் "உறையற்ற உடல் என்றால் இரண்டாம் வகை" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்; மனித முடிச்சில் அப்படிச் சொன்னால் ஏறத்தாழ எல்லாச் செல்லுமே இரண்டாம் வகையாகிவிடும். மனிதக் காதில் பெரிஃபெரினுக்கு இவ்வளவு மதிப்பு வந்ததன் காரணம் இதுதான்.

கேள்வி: கருவின் காதுக்குள் இருக்கும் செல்லில் எந்தப் புரதம் இருக்கிறது என்று எப்படிப் பார்க்கிறார்கள்? திசு எங்கிருந்து கிடைக்கிறது?
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், திண்டுக்கல்

பழைய முறையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நான் பழகியது அதில்தான். உடற்கூறியல் துறையில் பயிற்றுநராக இருந்த நாட்களில் நரம்புத் திசுவுக்கு வெள்ளி நைட்ரேட் ஏற்றுவது என் வேலைகளில் ஒன்று. கையுறை கிழிந்திருந்தால் விரல் நுனி இரண்டு வாரத்துக்குக் கறுத்துக் கிடக்கும். வாக்குச்சாவடியில் நம் விரலில் வைக்கும் மையிலும் இருப்பது இதே வெள்ளி நைட்ரேட்தான்; ஒருமுறை அந்த விரலோடு பேருந்தில் ஏறியபோது, எந்த ஊரில் தேர்தல் என்று ஒருவர் கேட்டார். திசுவின் மெல்லிய சீவலில் வெள்ளி படிந்து கறுக்கும்போது, மஞ்சள் பின்னணியில் நரம்பிழைகள் மட்டும் மைக்கோடாகத் தனித்துத் தெரியும். அந்தக் கறுப்புக் கோடுகளை அக்கால அறிஞர்கள் நியூரோஃபைப்ரில் என்றார்கள். அவை நியூரோஃபிலமென்ட் கற்றைகள் என்பதும், வெள்ளி போய் ஒட்டியது அந்தப் புரதத்தில்தான் என்பதும் பல பத்தாண்டுகள் கழித்தே தெளிவாயிற்று. பெயர் தெரியாத புரதத்தை அவர்கள் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளி எல்லா இழைக்கும் ஒரே கறுப்பைத்தான் தரும். எது பெரிஃபெரின், எது நியூரோஃபிலமென்ட் என்று அது பிரித்துச் சொல்லாது. இன்று ஒவ்வொரு புரதத்தையும் மட்டும் பிடிக்கும் எதிர்ப்பொருளைத் திசுவின் மீது ஊற்றி, அதைப் பிடிக்கும் இரண்டாவது எதிர்ப்பொருளோடு ஒளிரும் சாயத்தை இணைத்து விடுகிறார்கள். ஒரே சீவலில் பச்சை ஒரு புரதம், சிவப்பு மற்றொன்று, நீலம் செல்களின் கரு. இளம் சீவலில் பச்சையும் சிவப்பும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து முடிச்சு முழுவதும் மஞ்சளாகத் தெரியும். முதிர்ந்த சீவலில் மஞ்சள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சுருங்கிவிடும். நான் மேலே சொன்ன 'ஒடுங்குதல்' கண்ணுக்கு இப்படித்தான் காட்சி தரும்.

உட்செவியில் கூடுதல் தொல்லை, அது உடலிலேயே மிகக் கெட்டியான எலும்புக்குள் புதைந்திருப்பது. கருவின் பிற்பகுதியில் அந்த எலும்பு கெட்டிப்பட்ட பின், அதன் கால்சியத்தை வாரக்கணக்கில் ஊறவைத்துக் கரைத்தெடுத்தால்தான் சீவ முடியும். அதற்குள் புரதம் சிதைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முற்காலக் கருவில் எல்லாம் குருத்தெலும்பு என்பதால் வேலை எளிது.

திசுவைப் பொறுத்தவரை, சட்டப்படி நடந்த கருக்கலைப்புக்குப் பின், பெண்ணின் எழுத்துவழி ஒப்புதலோடும் நன்னெறிக் குழுவின் அனுமதியோடும் கொடையாகப் பெறப்பட்டதையே லெய்டன் போன்ற இடங்களில் பயன்படுத்துகிறார்கள். இதை உங்கள் மனம் ஏற்கத் தயங்கினால் அந்தத் தயக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். வளர்ந்தவர்களின் காக்ளியா கிடைப்பது இதைவிட அரிது. இறந்தபின் எடுப்பதற்குள் செல்கள் சிதையத் தொடங்கிவிடும். சுவீடனின் உப்சாலாவில், மூளையின் அடித்தளத்தில் வளர்ந்த கட்டியை அகற்றும்போது காக்ளியாவையும் எடுத்தே ஆகவேண்டிய நோயாளிகளிடம் முன்கூட்டியே ஒப்புதல் பெற்று, அறுவை அரங்கிலேயே அதைப் பதப்படுத்தி ஆராய்ந்தார்கள். மனித முதல் வகை நியூரானின் உடலுக்குப் போர்வை இல்லை என்ற செய்தி உறுதிப்பட்டதில் அந்தச் சில துண்டுகளுக்குப் பெரும்பங்கு உண்டு.

கேள்வி: ஏழாம் மாதம் எனக்கு வளைகாப்பு. வளையல் சத்தம் குழந்தைக்குக் கேட்கும் என்கிறார்கள். நரம்பு அதற்குள் தயாராகிவிடுமா?
— வாசகி ஒருவர், கும்பகோணம்

வாழ்த்துகள். நரம்பு தயாராகத்தான் இருக்கும். சட்டகப் புரதங்கள் தத்தம் இடத்துக்கு வந்து, மயலின் உறையும் படியத் தொடங்கிய பருவம் அது. ஆனால் எந்த ஒலி கேட்கும் என்பது வேறு செய்தி. பெல்ஃபாஸ்ட் நகரில் 1990களில் நடந்த ஓர் ஆய்வில், வயிற்றின் மீது ஒலிபெருக்கி வைத்து, சிசு அசைகிறதா என்று அல்ட்ராசவுண்டில் பார்த்தார்கள். தாழ்ந்த ஒலிக்குத்தான் முதலில் அசைவு தெரிந்தது. 27 வாரத்தில் ஏறத்தாழ எல்லாச் சிசுக்களும் தாழ்ந்த ஒலிக்கு அசைந்தன. உச்ச ஒலிக்கு அசைவு வர 30 வாரங்களைத் தாண்ட வேண்டியிருந்தது. போதாததற்கு வயிற்றுச் சுவரும் பனிக்குட நீரும் உச்ச ஒலியை வடிகட்டிவிடும். கண்ணாடி வளையலின் கிணுகிணுப்பு உச்ச ஒலி. அதனால் வளையலைவிட, வளையல் அடுக்கிக்கொண்டு நீங்கள் பேசும் பேச்சுதான் உள்ளே நன்றாகப் போகும். முன்னோர்கள் நரம்பியல் அறிந்து மாதத்தைக் குறித்தார்கள் என்று எழுதச் சொல்லி இரண்டு கடிதங்கள் வந்திருக்கின்றன. அப்படி எழுத என்னிடம் ஆதாரம் இல்லை. விழாவைக் குறைவில்லாமல் நடத்துங்கள்.

கேள்வி: சட்டகப் புரதத்தில் குறை இருந்தால் குழந்தை காது கேளாமல் பிறக்குமா? எங்கள் வீட்டில் அப்படி ஒரு குழந்தை இருக்கிறது.
— பெயர் வேண்டாம் என்று எழுதியவர், இராமநாதபுரம்

பிறவிக் காது கேளாமையில் நரம்பின் சட்டகம் காரணமாவது அரிது. மரபுவழிக் காரணங்களில் இந்தியாவில் மிகப் பரவலாகக் காணப்படுவது கனெக்ஸின் 26 என்ற புரதத்தின் குறை. அது நரம்பில் அல்ல, காக்ளியாவின் துணைச்செல்களை ஒன்றோடொன்று இணைக்கும் வாயில்களில் உள்ளது. நெருங்கிய உறவில் திருமணம் நடக்கும் குடும்பங்களில் இத்தகைய குறைகள் கூடுதலாக வெளிப்படும். உங்கள் குழந்தைக்கு எது காரணம் என்பதை மரபணுச் சோதனைதான் சொல்லும். நான் கடிதத்தைப் படித்து ஊகிப்பது முறையல்ல.

சட்டகம் தொடர்பான அரிய குறைகளும் உண்டு. இலகு நியூரோஃபிலமென்டின் மரபணு பிறழ்ந்தால், சார்க்கோட்-மேரி-டூத் எனப்படும் கைகால் நரம்பு நோய் வருகிறது. அவர்களில் சிலருக்குச் செவித்திறனும் குன்றுகிறது, ஆனால் பிறவியில் அல்ல, வயது ஏற ஏற. ஆக்டின் இழைகளை ஒழுங்குபடுத்தும் டயஃபனஸ் 3 என்ற புரதம் அளவுக்கு மீறிச் சுரப்பதால், ஒரு குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகச் செவி நரம்புக் கோளாறு வந்ததை அமெரிக்காவில் கண்டறிந்தார்கள். இத்தகைய கோளாறில் ஒலி காதுக்குள் வரும். ஆனால் நரம்பிழைகளின் செய்திகள் ஒரே தாளத்தில் சேராமல் சிதறும். பெற்றோர் சொல்லும் புகார், "கூப்பிட்டால் திரும்புகிறான், சொன்னது மட்டும் புரியவில்லை" என்பதாக இருக்கும்.

பிறந்த குழந்தைக்குச் செய்யும் இரண்டு சோதனைகளின் வேறுபாடு இங்கேதான் முக்கியமாகிறது. காதுக்குள் சிறு செருகியை வைத்துப் பார்க்கும் ஓ.ஏ.இ. சோதனை, புறமயிர்செல்கள் வேலை செய்வதை மட்டும் சொல்லும். தலையில் மின்முனை ஒட்டிச் செய்யும் பெரா சோதனை, செய்தி நரம்பின் வழியாக மூளைத்தண்டுக்குப் போய்ச் சேர்வதைக் காட்டும். முதல் சோதனையில் தேறி இரண்டாவதில் தேறாத குழந்தைக்குக் கோளாறு புறமயிர்செல்லுக்கு அப்பால் இருக்கிறது. ஓ.ஏ.இ. மட்டும் செய்து "எல்லாம் சரி" என்று அனுப்பியிருந்தால், பெராவையும் கேட்டு வாங்குங்கள். காக்ளியர் இம்பிளாண்ட் பொருத்த வேண்டிய நிலை வந்தால், அக்கருவி மயிர்செல்லைத் தாண்டி நேராகச் சுருள் முடிச்சின் நியூரான்களைத் தூண்டுவதால், அந்த நியூரான்கள் எவ்வளவு நலமாக மிஞ்சியிருக்கின்றன என்பதும் பலனைப் பாதிக்கும். தமிழக அரசின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இது கிடைக்கிறது. குழந்தைக்கு என்ன வயது என்று நீங்கள் எழுதவில்லை, ஆகவே தள்ளிப்போடாமல் உடனே விசாரியுங்கள்.

கேள்வி: நியூரோஃபிலமென்டை இரத்தத்தில் அளக்கும் சோதனை வந்திருக்கிறதாமே? இரைச்சல் மிகுந்த நெசவாலையில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். செவி நரம்பு கெட்டதா என்று அதில் தெரியுமா?
— வாசகர் ஒருவர், கரூர்

சோதனை வந்திருப்பது உண்மை. நரம்பிழை சிதையும்போது இலகு நியூரோஃபிலமென்ட் இரத்தத்தில் கசியும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், ஏ.எல்.எஸ். போன்ற நரம்பு நோய்களில் அதன் அளவை மருத்துவர்கள் கவனிக்கிறார்கள். ஏ.எல்.எஸ். நோயின் ஒரு மரபுவகைக்கான டோஃபெர்சன் என்ற மருந்துக்கு 2023இல் அமெரிக்காவில் விரைவு அனுமதி கிடைத்ததே, அந்த அளவு குறைந்ததை அடிப்படையாகக் கொண்டுதான். ஆனால் கசிந்த புரதத்தில் அது எந்த நரம்பிலிருந்து வந்தது என்ற முகவரி எழுதியிருக்காது. செவி நரம்போ உடலின் மொத்த நரம்புகளில் ஒரு மெல்லிய கற்றை; வயது ஏறினாலும் அந்த அளவு தானாகவே உயரும். ஆகவே இதற்காக இரத்தம் கொடுத்துப் பணம் செலவழிக்க வேண்டாம். ஒலிபுகா அறையில் ஆடியோமெட்ரி என்ற செவித்திறன் சோதனை செய்துகொள்ளுங்கள். கூட்டத்தில் பேச்சு புரியவில்லை என்றால் அதைச் செவித்திறன் பரிசோதகரிடம் தனியாகச் சொல்லி, இரைச்சலுக்கு நடுவே சொற்களைக் கேட்கவைத்துப் பார்க்கும் சோதனையையும் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள்.